பூட்டிய அலமாரிக்குள் ஓர் எச்சரிக்கை

நாளிதழில் ஒரு சின்னச் செய்தி: "நீரிழிவு நோய் பற்றிப் புதிய கண்டுபிடிப்பு". நாலு வரிதான். உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ அம்மாவுக்கோ அந்த நோய் இருக்கிறது. ஆகவே, கண்டுபிடித்த விஞ்ஞானிகள் உண்மையில் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறீர்கள். இணையத்தில் தேடுகிறீர்கள். ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பு கிடைக்கிறது. எழுதியவர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. பத்து வரியில் ஒரு சுருக்கமும் கிடைக்கிறது. ஆனால் அதற்குக் கீழே கட்டுரை இல்லை. ஒரு விலைச்சீட்டுத்தான் இருக்கிறது. எட்டுப் பக்கம் படிக்க 40 டாலர்! நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல்.

இந்தப் பணம் கட்டுரையை எழுதிய விஞ்ஞானிக்குப் போகிறதா? இல்லை. கட்டுரையில் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்த அறிஞருக்குப் போகிறதா? அவருக்கும் இல்லை. ஆராய்ச்சிக்குச் செலவு செய்த அரசாங்கத்துக்காவது திரும்புகிறதா? அதுவும் இல்லை. அப்படியானால் இது யாருக்கு, எதற்காகக் கொடுக்கும் விலை?

"இது பேராசிரியர்களின் கவலை, நமக்கென்ன?" என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கட்டுரை கைக்கு எட்டாமற் போவது உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகலாம். முதலில் அப்படிப்பட்ட ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

லைபீரியாவில் நடந்தது

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் லைபீரியா என்றொரு சிறிய நாடு இருக்கிறது. 2014-ஆம் ஆண்டில் அந்நாட்டை எபோலா என்ற கொடிய வைரஸ் நோய் தாக்கியது. நோயாளியின் இரத்தம், வியர்வை, வாந்தி ஆகியவற்றைத் தொடுவதால் பரவும் நோய் இது. கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய மூன்று நாடுகளையும் அது உலுக்கிவிட்டது. 2016-ல் ஓய்வதற்குள் 28,600 பேருக்கு மேல் நோய் கண்டது. 11,300 பேருக்கு மேல் மாண்டனர். லைபீரியாவில் மட்டும் 4,800 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 180-க்கும் மேற்பட்டோர் நோயாளிகளைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர் முதலான மருத்துவப் பணியாளர்கள்.

எபோலா 1976-ஆம் ஆண்டில் மத்திய ஆப்பிரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நோய். அது மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்றே எல்லோரும் கூறினார்கள். லைபீரிய மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். காய்ச்சலோடு வந்தவர்களை மலேரியா நோயாளிகள் என்று எண்ணி வெறும் கையால் தொட்டுச் சிகிச்சை செய்தவர்கள் உண்டு.

ஆனால் உண்மை வேறாக இருந்தது. 1970-களின் பிற்பகுதியில் லைபீரிய மக்களிடமிருந்து எடுத்த இரத்த மாதிரிகளை ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருந்தார்கள். சிலருடைய இரத்தத்தில் எபோலா வைரசுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. எதிர்ப்பொருள் என்பது என்ன? ஒரு கிருமி உடலுக்குள் புகுந்தால் அதை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் புரதம் அது. கிருமி போன பின்னும் அது இரத்தத்தில் நெடுநாள் தங்கியிருக்கும். பாம்பு போன தடம் மண்ணில் கிடப்பதைப் போல! ஆகவே லைபீரியாவும் எபோலா வரக்கூடிய பகுதிதான்; அங்குள்ள மருத்துவமனைகள் விழிப்போடு இருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் ஆய்விதழில் 1982-ல் அக்கட்டுரை வெளியாயிற்று.

அதன் பிறகு 32 ஆண்டுகள் ஓடின. லைபீரியாவில் அதைப் பற்றி அறிந்தவர் இல்லை.

நோய் தணிந்துவந்த 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில், அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான் வேறு இருவருடன் சேர்ந்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இந்த உண்மையை வெளியிட்டார். அவர்கள் சொன்ன இன்னொரு செய்தி நம் நெஞ்சைத் தைப்பது. அப்போதுகூட அத்தகைய கட்டுரை ஒன்றை இணையத்திலிருந்து பெற 45 டாலர் ஆகும் என்றார்கள். அது லைபீரிய மருத்துவர் ஒருவரின் ஏறக்குறைய அரைவாரச் சம்பளம்!

அந்தக் கட்டுரை எல்லோர் கையிலும் இருந்திருந்தால் நோயே வந்திராது என்று சொல்ல முடியாது. கையுறையும் மருந்தும் மருத்துவரும் குறைந்த நாடு அது. நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்குச் சுமார் 50 மருத்துவர்களே இருந்தார்கள். ஆனால் "எபோலாவாகவும் இருக்கலாம்" என்ற ஐயம் ஒரு மருத்துவரின் மனத்தில் தோன்றியிருந்தால் அவர் கையுறை இல்லாமல் நோயாளியைத் தொட்டிருப்பாரா? எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது, எச்சரிக்கப்பட வேண்டியவரை அது எட்டவில்லை. ஏன்? இதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சி இதழ்கள் எப்படித் தோன்றின என்று பார்க்க வேண்டும்.

விஞ்ஞானி ஏன் எழுதுகிறார்?

ராபர்ட் ஹூக்கை உங்களுக்குத் தெரியும். சுருள்வில்லை எவ்வளவு விசையோடு இழுக்கிறோமோ அதற்கு ஏற்ற அளவில் அது நீளும் என்ற ஹூக் விதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவர் 1676-ல் அந்த விதியை எப்படி வெளியிட்டார் தெரியுமா? விதியைக் கூறும் லத்தீன் சொற்களிலிருந்த எழுத்துகளையெல்லாம் கலைத்து அகர வரிசையில் அடுக்கி, பொருளற்ற எழுத்துக் கூட்டமாக அச்சிட்டார்! இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் விடையைச் சொன்னார். கலிலியோவும் 1610-ல் சனிக்கோள் பற்றித் தாம் கண்டதை இப்படித்தான் எழுத்துப் புதிராக்கி அனுப்பினார். "நானே முதலில் கண்டேன்" என்பதற்குச் சாட்சியும் வேண்டும். பிறர் அதைத் தட்டிக்கொண்டு போகவும் கூடாது. அதற்காகவே இந்தத் தந்திரம்.

இத்தகைய ஒளிவு மறைவுக்கு மாற்றாக வந்ததே ஆய்விதழ். 1665-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ஓர் இதழைத் தொடங்கினார். இன்றும் அது வெளிவந்துகொண்டிருக்கிறது. தேதியிட்டு இதழில் வெளியிட்டுவிட்டால் கண்டுபிடித்தவர் யார் என்பது உறுதியாகிவிடும். கண்டதை உலகமும் அறிந்துகொள்ளும். ஒருவர் கண்டதை மற்றவர் சோதித்துப் பார்த்து, திருத்தி, அதன்மேல் அடுத்த கல்லை வைப்பார். விஞ்ஞானம் வளர்ந்தது இந்த முறையால்தான்.

ஆகவே விஞ்ஞானி பணத்துக்காகக் கட்டுரை எழுதுவதில்லை. கதை எழுதுகிறவருக்குச் சன்மானம் உண்டு. ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கிடையாது. படிக்கப்படுவதே அவர் பெறும் ஊதியம். வேலையும் பதவி உயர்வும் பின்னர் அதனால் வரலாம். வந்த கட்டுரை சரிதானா என்று அதே துறையிலுள்ள வேறு அறிஞர்கள் பார்த்துச் சொல்வார்கள். இதற்கு மதிப்புரைப்பு என்று பெயர். பெரும்பாலும் அவர்களும் ஊதியம் பெறாமலேயே இதைச் செய்கிறார்கள்.

விலை ஏறிய விதம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசாங்கங்கள் விஞ்ஞானத்துக்குப் பணத்தை வாரி வழங்கின. ஆராய்ச்சியாளர்கள் பெருகினார்கள், கட்டுரைகளும் பெருகின. அறிஞர் சங்கங்கள் நடத்திவந்த இதழ்களால் அவ்வளவையும் வெளியிட முடியவில்லை. இதில் பெரும் வியாபாரம் இருப்பதைச் சிலர் கண்டுகொண்டார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ராபர்ட் மாக்ஸ்வெல் அவர்களில் முக்கியமானவர். அவர் 1951-ல் பெர்கமான் பதிப்பகத்தைத் தொடங்கி, துறைக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான இதழ்களை நடத்தினார். 1991-ல் அதை எல்செவியர் நிறுவனத்துக்கு விற்றபோது கிடைத்த விலை 44 கோடி பவுண்டு!

கடையில் ஒரு சோப்பு விலை ஏறினால் நீங்கள் வேறு சோப்பு வாங்குவீர்கள். அதற்குப் பயந்தாவது கடைக்காரர் விலையை அடக்கிவைப்பார். ஆய்விதழில் அது நடவாது. ஒரு கண்டுபிடிப்பு ஓர் இதழில்தான் வெளிவரும். அந்த இதழுக்குப் பதில் மற்றொன்றை வாங்கினால் அந்தக் கண்டுபிடிப்பு அதில் இராது. இன்னொன்றையும் கவனியுங்கள். இதழ் வேண்டுமென்று கேட்பவர் பேராசிரியர். பணம் கட்டுவது நூலகம். கேட்பவருக்கு விலை தெரியாது. கட்டுபவரால் மறுக்க முடியாது. சரக்கைச் செய்து தருபவரோ இலவசமாகத் தருகிறார்! இப்படி ஒரு வியாபாரம் வேறு எங்காவது உண்டா?

விளைவைப் பாருங்கள். 2010-ஆம் ஆண்டில் எல்செவியர் நிறுவனத்துக்கு வரவு சுமார் 200 கோடி பவுண்டு; அதில் லாபம் 72.4 கோடி பவுண்டு. நூற்றுக்கு 36! உலகின் மிகச் செல்வமிக்க பல்கலைக்கழகமான ஹார்வர்டு 2012-ல் தன் பேராசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பியது. சில பெரிய பதிப்பகங்களின் இதழ்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 37.5 லட்சம் டாலர் ஆகிறது; சில இதழ்களின் ஆண்டுச் சந்தா 40,000 டாலர் வரை இருக்கிறது; இனி நம்மால் தாங்க முடியாது என்றது அறிக்கை. ஹார்வர்டுக்கே இந்த நிலை என்றால் மதுரையிலும் மன்றோவியாவிலும் உள்ள கல்லூரிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பதிப்பகங்கள் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. கட்டுரைகளை வரவேற்று ஒழுங்குபடுத்துவது, மதிப்புரைஞர்களைத் தேடுவது, செப்பனிடுவது, என்றும் அழியாமல் காப்பது ஆகியவை செலவு பிடிக்கும் வேலைகளே. அந்தச் செலவுக்கும் விலைக்கும் இடையிலுள்ள தூரம்தான் கேள்வி.

பூட்டைத் திறந்தவர்கள்

நம் நாட்டு விஞ்ஞானிகள் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? இதழை வாங்க வசதி இல்லாதவர்கள் ஓர் அஞ்சலட்டையை எடுத்து, "தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பி உதவுக" என்று கட்டுரையாளருக்கே எழுதினார்கள். அவரும் தம்மிடமிருந்த தனிப்பிரதி ஒன்றை அனுப்பிவைப்பார். கடிதம் போய்ப் பிரதி வந்து சேர மாதங்கள் ஆகும். ஆனாலும் அந்த அஞ்சலட்டையில் ஓர் உண்மை இருந்தது. எழுதியவர் கொடுக்கவே விரும்புகிறார்; படிப்பவர் பெறவே விரும்புகிறார். நடுவில் உள்ளதே தடை.

கணிப்பொறிகள் ஒன்றோடொன்று இணைந்ததும் அந்தத் தடையைத் தாண்ட வழி பிறந்தது. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பால் கின்ஸ்பர்க் என்ற இயற்பியலார் ஒரு கணிப்பொறியில் பொதுக் களஞ்சியம் ஒன்றை அமைத்தார். இதழில் வரும் முன்பே கட்டுரையை அதில் இட்டுவிடலாம். உலகில் எவரும் காசில்லாமல் படிக்கலாம். ஆர்க்கைவ் என்ற பெயரில் வளர்ந்த அக்களஞ்சியத்தில் இன்று இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் அதன் இந்திய நகல் நிலையமாக விளங்கியிருக்கிறது. நூறு ஆண்டுகளாக விடை காணப்படாதிருந்த பொங்கரே கணிதப் புதிரை ரஷ்யக் கணித மேதை பெரல்மான் விடுவித்தார். அந்த விடையை அவர் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் இந்தக் களஞ்சியத்தில்தான் வெளியிட்டார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை!

2001 டிசம்பரில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் சில அறிஞர்கள் கூடினார்கள். 2002 பிப்ரவரியில் அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கவும், பிரதி எடுக்கவும், பிறருக்குத் தரவும் இயல வேண்டும் என்று அது கோரியது. இதை ஆங்கிலத்தில் ஓப்பன் ஆக்சஸ் என்பார்கள். தமிழில் திறந்த அணுக்கம் எனலாம். நம் நாட்டில் இக்கருத்துக்காக நெடுங்காலம் வாதாடியவர்களுள் சென்னையைச் சேர்ந்த தகவல் அறிஞர் சுப்பையா அருணாசலம் முன்னணியில் நிற்பவர்.

இதனால் விளையும் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2020 ஜனவரி 11-ஆம் நாள் கொரோனா வைரசின் மரபணு வரிசையைச் சீன விஞ்ஞானி ஒருவரின் குழு இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டது. மார்ச் 16-ஆம் நாள் ஒரு தடுப்பூசி மனிதருக்குப் போட்டுச் சோதிக்கப்பட்டது. இடையில் 65 நாட்களே! வரிசையைப் பூட்டிவைத்து விலை பேசிக்கொண்டிருந்தால் இந்த வேகம் வந்திருக்குமா? அந்த ஆண்டில் பெரிய பதிப்பகங்களும் கொரோனா பற்றிய கட்டுரைகளைத் தற்காலிகமாக இலவசமாகத் திறந்துவிட்டன. பூட்டினால் ஆபத்து என்பதை அவையும் ஒப்புக்கொண்டன என்றுதானே பொருள்? கொரோனாவுக்குப் பொருந்துவது காசநோய்க்கும் மலேரியாவுக்கும் பொருந்தாதா?

பச்சை, பொன், வைரம்

கட்டுரையைத் திறந்துவைக்க மூன்று வழிகள் உள்ளன. அவற்றுக்கு நிறங்களையும் மணிகளையும் வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

முதலாவது பச்சை வழி. கட்டுரை வழக்கமான இதழில் வரும். ஆசிரியர் அதன் கையெழுத்துப் படியைத் தம் நிறுவனத்தின் களஞ்சியத்திலும் சேர்த்துவிடுவார். இந்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தங்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிகளின் கட்டுரைகளை இவ்வாறு சேர்க்க வேண்டுமென்று 2014 டிசம்பரில் கொள்கை வகுத்தன. இதற்கு அதிகச் செலவில்லை. ஆனால் ஆசிரியர் அக்கறையோடு செய்தால்தான் நடக்கும்.

இரண்டாவது பொன் வழி. இதழே திறந்திருக்கும். பெரும்பாலும் செலவைக் கட்டுரை எழுதுபவரிடமே வாங்கிவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? கட்டணத்தையும் கேளுங்கள். புகழ்பெற்ற நேச்சர் இதழ் 2021 ஜனவரி முதல் இம்முறையில் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ கேட்டது. அப்போதைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல்! அன்று நம் நாட்டில் இளநிலை ஆராய்ச்சி மாணவர் பெற்ற மாத உதவித்தொகை 31,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும் ஒரு கட்டுரைக்குப் போதாது. மிக ஏழை நாடுகளைச் சேர்ந்தவர்களுக்குப் பல பதிப்பகங்கள் சலுகை தருகின்றன. நடுத்தர நாட்டுச் சிறிய கல்லூரியின் ஆசிரியரோ இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறார். முன்பு அவர் படிக்க முடியாமல் வெளியே நின்றார். இப்போது எழுத முடியாமல் வெளியே நிற்கிறார். வாங்குபவர் வாசலில் இருந்த உண்டியலை எழுதுபவர் வாசலுக்கு மாற்றினார்கள், உண்டியல் போகவில்லை.

இதில் இன்னொரு கேடும் புகுந்தது. எழுதுபவர் பணம் தருவார் என்றதும், எதையும் சரிபார்க்காமல் பணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் போலி இதழ்கள் காளான்போல் முளைத்தன. 2018 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே மூச்சில் நீக்கியது. அவற்றில் போலிகள் பல.

மூன்றாவது வைர வழி. படிப்பவரும் கட்ட வேண்டாம். எழுதுபவரும் கட்ட வேண்டாம். அறிஞர் சங்கமோ பல்கலைக்கழகமோ அரசோ செலவை ஏற்கும். இது வெறும் கனவு அன்று. 1990-களின் இறுதியில் பிரேசிலில் தொடங்கிய சியேலோ என்ற அமைப்பு லத்தீன் அமெரிக்க நாடுகளின் இதழ்கள் பலவற்றை இணையத்தில் திறந்துவைத்திருக்கிறது. அங்கே பெரும்பாலான இதழ்களைப் பல்கலைக்கழகங்களும் அறிஞர் சங்கங்களுமே நடத்துகின்றன. நம் நாட்டிலும் இதற்கு வித்து உண்டு. சர் சி. வி. ராமன் தம் புகழ்பெற்ற ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை விளக்கிய உரை 1928-ல் ஓர் இந்திய இதழில்தான் அச்சேறியது. 1934-ல் அவர் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதெமியை நிறுவி அதற்கென்று ஓர் ஆய்விதழையும் உடனே தொடங்கினார். நம் ஆராய்ச்சியை வெளியிட நமக்கென்று நல்ல இதழ்கள் வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த அகாதெமியின் இதழ்கள் பின்னர் அதன் இணையதளத்தில் எல்லோரும் படிக்கத் திறந்துவைக்கப்பட்டன.

ஒரே நாடு, ஒரே சந்தா

இப்போது நம் நாட்டில் நடப்பதைப் பார்ப்போம். 2024 நவம்பர் 25-ஆம் நாள் மத்திய அமைச்சரவை "ஒரே நாடு, ஒரே சந்தா" என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே சந்தா கட்டுவதற்குப் பதிலாக நாடு முழுமைக்கும் அரசே சேர்த்துக் கட்டும். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், ஏறத்தாழ 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும். 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 ரூபாய் ஆகிறது. முன்பு ஓர் ஆய்விதழைக்கூடக் காணாத அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வரம். ஐயமில்லை.

ஆனால் சந்தா என்பது வாடகை. கட்டும்வரை கதவு திறந்திருக்கும், நிறுத்தினால் மூடிக்கொள்ளும். தனியார் கல்லூரியில் படிக்கும் மாணவரும், சிற்றூரில் தனியே மருத்துவம் பார்க்கும் டாக்டரும், வயலில் புதுநோய் கண்ட உழவரும், இந்தக் கட்டுரையைப் படிக்கும் வேறு தொழில் செய்யும் வாசகரும் தொடக்கத் திட்டத்தில் சேரவில்லை. மேலும் நம் விஞ்ஞானிகள் நம் வரிப்பணத்தில் எழுதிய கட்டுரைகளையும் இந்தச் சந்தாவில்தான் நாம் திரும்ப வாங்குகிறோம்! நம் வீட்டுப் பாலையே நாம் கடையில் காசு கொடுத்து வாங்குவது போன்றது இது. சந்தாவோடு பச்சை வழியும் வைர வழியும் வளர்ந்தால்தான் ஒருநாள் வாடகை கட்டும் தேவை குறையும்.

இரத்தம் யாருடையது?

மறுபடியும் லைபீரியாவுக்கு வருவோம். 1982-ஆம் ஆண்டுக் கட்டுரை இலவசமாகக் கிடைத்திருந்தால் மட்டும் போதுமா? பெர்னிஸ் டானும் அவரோடு எழுதியவர்களும் அதோடு நிற்கவில்லை. அத்தகைய கட்டுரைகளை எழுதியவர்களில் ஒருவர்கூட லைபீரிய விஞ்ஞானி இல்லை என்பதை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். இரத்தம் லைபீரியருடையது. சோதனைக்கூடம் வேறு நாட்டில். இதழ் வேறு நாட்டில். பெயர் வேறு நாட்டவருக்கு. ஒரு லைபீரிய மருத்துவராவது அந்த ஆராய்ச்சியில் பங்குகொண்டிருந்தால் செய்தி அவரோடு ஊர் திரும்பியிருக்கும். அவரிடம் படித்த மாணவர்களுக்கும் தெரிந்திருக்கும். அதற்கு 45 டாலர் தேவைப்பட்டிராது.

இதே குறையை இந்தோனேசியா வேறு விதமாக எழுப்பியது. அந்நாடு பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பி வந்தது. எங்கள் நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரசைக் கொண்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் தடுப்பூசி செய்கின்றன. அதை வாங்க எங்களுக்கு வசதி இல்லை என்று கூறி 2007-ல் மாதிரிகள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. உலகத்துக்கே ஆபத்து என்று பலர் பதறினார்கள். நான்கு ஆண்டுகள் பேச்சு நடந்து, 2011 மே மாதத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இன்ஃபுளுயன்சா வைரஸ் மாதிரிகளை நாடுகள் பகிர வேண்டும். அதனால் வரும் தடுப்பூசி முதலிய நன்மைகளையும் பகிர வேண்டும் என்பது அதன் சாரம். கொடுப்பவர் என்றும் கொடுத்துக்கொண்டே இருக்க, பெறுபவர் என்றும் பெற்றுக்கொண்டே இருந்தால் பகிர்வு நிலைக்காது என்பதை இந்நிகழ்ச்சி காட்டிவிட்டது.

ஆகவே நியாயம் என்பதற்கு மூன்று பகுதிகள் உண்டு. படிக்கும் உரிமை ஒன்று. எழுதும் உரிமை ஒன்று. தன் மண்ணில், தன் மக்களைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சியில் பங்குகொள்ளும் உரிமை ஒன்று. இவற்றில் ஒன்றை மட்டும் கொடுத்து மற்ற இரண்டை மறந்தால் பூட்டு முழுதும் திறந்ததாகாது.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவ நண்பர்களே, நீங்கள் இப்போதே சில காரியங்கள் செய்யலாம். ஒரு கட்டுரைக்கு விலை கேட்டால் உடனே திரும்பிவிடாதீர்கள். அதே தலைப்பை முழுதாக இட்டு மீண்டும் தேடுங்கள். ஆசிரியர் ஏதேனும் ஒரு களஞ்சியத்தில் சேர்த்துவைத்திருக்கலாம். கிடைக்காவிட்டால் அவருக்கே பணிவாக நாலு வரி எழுதுங்கள். அந்தக் காலத்து அஞ்சலட்டைக்குப் பதில் இன்று மின்னஞ்சல் இருக்கிறது. தம் கட்டுரையை ஒருவர் ஆவலோடு கேட்டால் மகிழாத விஞ்ஞானி அரிது. உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரியானால் புதிய திட்டத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் விசாரியுங்கள். நாளை நீங்களே ஆராய்ச்சி செய்யும்போது கட்டுரை வெளியானதும் ஒரு படியைக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். பணம் கேட்டு அவசரப்படுத்தும் இதழுக்கு அனுப்பும் முன் உங்கள் ஆசிரியரிடம் காட்டி அது மெய்யானதா என்று கேட்டறியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஓர் ஊரின் தண்ணீரையோ பயிரையோ மக்களின் இரத்தத்தையோ நீங்கள் ஆராய நேர்ந்தால், கண்டதை அந்த ஊருக்குத் திரும்பச் சென்று, அந்த ஊர் மொழியில் சொல்லுங்கள். ஆய்விதழில் அச்சேறியதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. லைபீரியாவைப் பற்றிய அந்தச் செய்தி அச்சேறித்தான் இருந்தது. யாருடைய இரத்தத்திலிருந்து அது எழுதப்பட்டதோ அவர்களுக்குத்தான் 32 ஆண்டுகளாக யாரும் சொல்லவில்லை.